யாருடா வாசிச்சது?

என் அண்ணனுக்கு 68 வயது. இருபது வருஷத்துக்கு மேல் மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர். இப்போது விரல் மூட்டுகளில் வாதம். காலையில் சட்டைப் பொத்தான் போடவே அண்ணி வரவேண்டியிருக்கிறது. சாயங்காலம் மட்டும் விரல்கள் கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்கின்றன.

அவரிடம் ஒரு மெட்டு உண்டு. மகன் பிறந்தபோது அவனைத் தூங்கவைக்க அவரே போட்டது. ஆரம்பம் காதோடு பேசுகிற மாதிரி இருக்கும், நடுவில் எழும்பும், கடைசி ஸ்வரம் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமல் அடங்கும். எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

"விரல் ஓயறதுக்குள்ள ரெக்கார்ட் பண்ணிடணும் சித்தப்பா" என்றான் மகன். அவன் படுக்கையறைதான் ஸ்டுடியோ. லேப்டாப், ஹெட்போன், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று செங்கல் சைஸில் ஒரு பெட்டி. இரண்டு ராத்திரி கண் விழித்து மெருகேற்றி, ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டினான். சினிமாப் பாட்டு மாதிரி கணீரென்று இருந்தது.

அண்ணன் கண்ணை மூடி முழுசும் கேட்டார். பிறகு கேட்டார்:

"நல்லாயிருக்கு. யாருடா வாசிச்சது?"

பையன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் பழகியவன் என்ற ஒரே தகுதியில் நான் துப்பறியப் புகுந்தேன்.

கிட்டார் மேல் குற்றமில்லை. தந்திகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும். தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். மெதுவாய்த் தொட்டால் கொஞ்சம், ஓங்கித் தட்டினால் நிறைய. 1932-ல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் கிட்டாரிலிருந்து (வாணலி மாதிரி இருந்ததால் 'ஃப்ரையிங் பேன்' என்று செல்லப்பெயர்) இன்றுவரை சங்கதி இதேதான். விரல் சொன்னதைக் காந்தம் அப்படியே சொல்லும். கோள்மூட்டுவதெல்லாம் அதற்கப்புறம் வருகிறவர்கள்.

முதல் ஆசாமி, பெட்டியிலுள்ள கெயின் குமிழ். மெதுவான ஆரம்பத்தைக் கேட்டு, 'போதாது' என்று பையன் அதை முறுக்கியிருக்கிறான். நடுப்பகுதியில் அண்ணன் எழும்பியதும் சிவப்பு விளக்கு. டிஜிட்டலில் பூஜ்ய டெசிபல்தான் கூரை. அதற்கு மேல் போனது, கிராப்பு வெட்டின மாதிரி போனதுதான், ஒட்டவைக்க முடியாது.

இரண்டாவது, கம்ப்ரஸர். 'நாலுக்கு ஒன்று' என்று வைத்தால், குறிப்பிட்ட அளவுக்கு மேலே நாலு டெசிபல் ஏறினாலும் ஒன்றுதான் வெளியே விடும். ரேஷன் கடை. உயரத்தை இப்படிக் குறைத்துவிட்டு மொத்தத்தையும் தூக்கினால், முணுமுணுப்பும் முழக்கமும் ஒரே உயரம். கூடவே, ஃபேன் ரெகுலேட்டரிலிருந்து காந்தச் சுருள் பிடித்த 'கொர்'ரும் மேலே வந்துவிடும். அதையும் பதிவோடு சேர்த்தே போட்டிருந்தான்; பின்னால் கழற்ற வழியில்லை.

மூன்றாவதுதான் விசேஷம். ஹெட்போனில் அண்ணனுக்கு அவர் கிட்டாரே சரியாகக் கேட்கவில்லை. தன் குரல் காதில் விழாதவன் கத்துவான் இல்லையா? விரலும் அப்படித்தான். பாவம், தாலாட்டைத் தட்டித் தட்டி வாசித்திருக்கிறார்.

மறு ஞாயிறு, மறுபடி உட்கார்ந்தோம். ஃபேன் நிறுத்தப்பட்டது. மே மாதம்! அண்ணி எங்களைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"அண்ணே, இருக்கறதிலேயே ஓங்கி வாசிக்கிற இடத்தை முதல்ல வாசி" என்றேன். அந்த உச்சம் -12 டெசிபலில் நிற்கும்படி குமிழை வைத்தோம். "இவ்வளவு கம்மியாவா சித்தப்பா?" என்று பையன் பதறினான். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பிட்டுக்குச் சுமார் ஆறு டெசிபல். 24 பிட்டில் பதிவு செய்தால், ஏட்டுக் கணக்குப்படி 144 டெசிபல் இடம். பன்னிரண்டை விட்டுக்கொடுத்தால் நஷ்டம் இரண்டே பிட். பழைய சி.டி.யே 16 பிட்டில்தான் ஊரை ஆண்டது.

கிட்டாரின் வெறும் ஒலி மட்டும் பதிவானது. ஆம்ப்ளிஃபயர் பூச்சு, கேட்கும் காதுக்கு மட்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதையும் மெதுவாய்த் தொட்டால் தெளிவு, அழுத்தினால் லேசான உறுமல் என்று நிறுத்தினோம். டிஸ்டார்ஷனைக் கொட்டினால் அதுவே எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். ஹெட்போன் சத்தத்தை நன்றாக ஏற்றினோம். அண்ணன் விரல்கள் தாமாகவே இறங்கின.

பிறகு கம்ப்ரஸரைத் தொடவே இல்லை. எங்கோ ஓரிரு ஸ்வரம் முழுகிப்போன இடத்தில் மட்டும் பையன் கையாலேயே லேசாக ஏற்றினான்.

"மத்த பாட்டுங்களைவிடச் சத்தம் கம்மியா இருக்கே சித்தப்பா?"

"வால்யூமைத் திருகிக் கேளு. அதுக்குத்தானே வெச்சிருக்கான்? யூட்யூபிலே போட்டாலும், அளவுக்கு மேலே கத்தறதை அவனே குறைச்சுடறான். அதுக்கு நாம ஏன் கழுத்தை நெரிக்கணும்?"

ராத்திரி முழுப் பதிவையும் கேட்டோம். நடுவில் ஒரு இடத்தில் அண்ணன் விரல் நடுங்கியது துல்லியமாக விழுந்திருந்தது. "இதைத் திருத்திடலாமாடா?" என்று மகன் பக்கம் திரும்பினார்.

பதில் இல்லை. ஹெட்போன் மாட்டியபடியே, நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தான், 34 வயதுக் குழந்தை.

அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல எழுந்து ஃபேனைப் போட்டார்.

"இப்பதான் சரியா வந்திருக்கு" என்றார்.