நாடகம் படிக்க ஆசைப்படும் மகளுக்கு



க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிவுகள் வந்தால் எங்கள் ஊர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். ஆருக்கு மருத்துவம், ஆருக்குப் பொறியியல், ஆருக்குக் கலைப்பீடம் என்று வேலிக்கு மேலாலும் கதைத்துக்கொள்வோம். அந்த நேரம் ஒரு பெண்பிள்ளை "நான் நாடகம் படிக்கப் போறன்" என்று சொன்னால் வீடே அடங்கிப்போகும்.

சண்டிலிப்பாயில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் தையல் தைத்து வளர்த்தவர். பிள்ளை உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக எடுத்து நல்ல பெறுபேறு பெற்றிருந்தாள். வெளிநாட்டிலுள்ள மாமன், கொழும்பில் கணினி படிப்பதென்றால் காசு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். தாய் என்னிடம் வந்து, "ரீச்சர், நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். ஒருக்கால் சொல்லி மறியுங்கோ" என்றார்.

நான் மறிக்கவில்லை. தாயை இருத்தி வைத்து மனதிலுள்ளதைக் கேட்டேன். மூன்று கேள்விகள் வந்தன. எவ்வளவு செலவாகும்? எப்படி இடம் எடுப்பது? படித்து முடிந்தபின் என்ன? மூன்றும் நியாயமான கேள்விகள். இதே கேள்விகள் வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் அவருக்குச் சொன்னவற்றை இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

செலவு எவ்வளவு?

எங்கள் நாட்டு அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரிப் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கும் நாடகம் படிக்கும் பிள்ளைக்கும் இது பொது. நாடகத்தைப் பட்டமாகப் படிக்கலாம் என்பதே பல தாய்மாருக்குத் தெரியாது. அதனால் அதற்கு எங்கேயோ தனியாரிடம் இலட்சக்கணக்கில் கட்டவேண்டும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

தமிழில் நாடகம் படிக்க எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் நாடுவது இரண்டு இடங்களை. ஒன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். சண்டிலிப்பாயிலிருந்து வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்வரலாம். மற்றது மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருப்பது. அங்கே போவதென்றால் தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து என்று செலவு வரும். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று நாங்கள் சொல்லிப் பழகிய இடம் இப்போது யாழ். பல்கலைக்கழகத்தின் ஒரு பீடம். சங்கீதம், நடனம், சித்திரம் படிக்க விரும்பும் பிள்ளைகள் அதையும் பார்க்கலாம். எந்தக் கற்கைநெறி எந்தப் பீடத்தில் இருக்கிறது என்பதை அந்தந்த ஆண்டின் அனுமதிக் கைந்நூலில் பார்த்து உறுதிசெய்யுங்கள். போன வருடம் படித்த பிள்ளை சொன்னதை மட்டும் நம்பி இருக்கவேண்டாம்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மகாபொல புலமைப்பரிசிலும் உதவிப்பணமும் உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவாகவும், உதவிப்பணம் 4000 ரூபாவிலிருந்து 6500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. இன்றைய விலைவாசியில் இது முழுச் செலவுக்கும் காணாது. ஆனாலும் விடுதிக் கட்டணத்துக்கும் சாப்பாட்டில் ஒரு பங்குக்கும் கைகொடுக்கும். இதற்குக் குடும்ப வருமானத்தைக் காட்டவேண்டும். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் எடுக்கவேண்டிய கடிதங்களை நேரத்தோடு கேட்டு வையுங்கள்.

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எட்டாத பிள்ளைகளுக்கு இன்னொரு வழி தேசிய கல்வியியற் கல்லூரி. ஆசிரியர் பயிற்சிக்கான பாடநெறிகளில் நாடகமும் அரங்கியலும் ஒன்று. விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வர்த்தமானியில் வரும். அந்த ஆண்டில் எந்தக் கல்லூரிக்கு எந்தப் பாடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதை அதில் பார்க்கலாம்.

இரண்டு விண்ணப்பங்கள்

பிள்ளைகள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையவழியில் அனுப்பும் பொது விண்ணப்பம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாடகம், சங்கீதம், நடனம் போன்ற சில கற்கைநெறிகளுக்கு அது மட்டும் போதாது. அவற்றை நடத்தும் பல்கலைக்கழகம் செயன்முறைத் தேர்வு ஒன்று வைக்கும். அதற்குப் பத்திரிகையிலும் தன் இணையத்தளத்திலும் விளம்பரம் செய்து, தனியாக விண்ணப்பம் கேட்கும். அந்த விண்ணப்பத்தை அனுப்பாத பிள்ளையைத் தேர்வுக்கு அழைக்கமாட்டார்கள். தேர்வில் சித்தியடையாவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்தக் கற்கைநெறி கிடையாது.

மறுபக்கமும் உண்டு. செயன்முறைத் தேர்வில் சித்தியடைந்த பிள்ளை, பொது விண்ணப்பத்தின் விருப்பு வரிசையில் அந்தக் கற்கைநெறியைப் போடாமல் விட்டால் அந்தச் சித்தியால் பயனில்லை. வரிசையில் எத்தனையாவதாகப் போடுகிறோம் என்பதும் முக்கியம். மேலே போட்ட ஒன்று கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்கமாட்டார்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று மாமன், சித்தப்பா சொன்னதையெல்லாம் மேலே போட்டு, பிள்ளை விரும்பியதைக் கடைசியில் போடுவது அவளை ஏமாற்றுவது போலத்தான்.

கலைப்பீடத்துக்குப் பொது அனுமதி பெற்று, உள்ளே போனபின் நாடகத்தை ஒரு பாடமாக எடுப்பது வேறு வழி. இந்த இரண்டு வழியையும் கைந்நூலில் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாய்மாருக்கு நான் சொல்வது ஒன்றுதான். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இரண்டு கடைசித் திகதிகளையும் சிவப்புப் பேனையால் எழுதுங்கள். பரீட்சை முடிவு வந்தபின் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்த நேரம் கோயில் திருவிழா, கலியாணவீடு என்று நாள் போய்விடும். வீட்டில் இணைய வசதி இல்லையென்றால் பாடசாலையிலோ நூலகத்திலோ உதவி கேட்கலாம். அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

செயன்முறைத் தேர்வு

இதற்குத்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள். தேர்வாளர் முழு நடிகையை எதிர்பார்ப்பதில்லை. பழக்கினால் பழகக்கூடிய பிள்ளையா என்றுதான் பார்ப்பார்கள். குரல் கேட்கிறதா, உடல் இசைந்து கொடுக்கிறதா, சொன்னதைக் கவனித்துச் செய்கிறாளா, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து இயங்குகிறாளா என்பவைதான் பொதுவாகக் கவனிக்கப்படும்.

தனியாக நடித்துக்காட்ட இரண்டு சிறு பகுதிகள் ஆயத்தமாக இருக்கட்டும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் வேண்டாம். ஒன்று கூத்திலிருந்தோ இசைநாடகத்திலிருந்தோ இருக்கலாம். மற்றது இக்கால நாடகத்திலிருந்து பேச்சுத்தமிழில் இருக்கலாம். ஒன்று துயரமென்றால் மற்றது சிரிப்போ கோபமோ. லண்டனிலுள்ள நாடகப் பள்ளிகளிலும் பழையதொன்று புதியதொன்று என்றுதான் கேட்பது வழக்கம். மயான காண்டத்துச் சந்திரமதி புலம்பலை எல்லாப் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டு வருவார்கள். குரல் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒலிப்பதிவில் கேட்டவரைப் போலப் பாடாமல் தன் குரலில் பாடவேண்டும்.

அந்த இடத்திலேயே ஒரு சூழலைத் தந்து நடிக்கச் சொல்லலாம். பஸ்ஸைத் தவறவிட்ட பெண், கடிதம் வாசிக்கும் கிழவி என்று எதுவாகவும் இருக்கும். பேச்சில்லாமல் ஊமமாகச் செய்யச் சொல்லலாம். தாளத்துக்கு அசையச் சொல்லலாம். இதற்கு மனப்பாடம் உதவாது. சந்தையில் மீன் விற்கும் அக்கா எப்படி நிற்கிறார், ஆஸ்பத்திரி வாங்கில் இருக்கும் ஆச்சி கையை எங்கே வைத்திருக்கிறார் என்று ஒரு மாதம் கவனித்து, பின்னேரத்தில் செய்து பார்த்தால் போதும்.

எந்த நாடகம் பார்த்தாய், எதை விரும்பினாய் என்றும் கேட்பார்கள். இதற்கு நாங்கள் தூரத்துக்குப் போகத் தேவையில்லை. பக்கத்தில் வட்டுக்கோட்டையில் வடமோடிக் கூத்து இருக்கிறது. வலிகாமத்துக் கோயில் வீதிகளில் காத்தவராயன் கூத்து ஆடியிருக்கிறார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மாணவர்களைக் கொண்டு கூத்தை மேடைக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தினார். 1964 இல் மேடையேறிய இராவணேசன் அவற்றில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கியது. அதன் மூலவரான குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய "மண் சுமந்த மேனியர்" 1985 இல் மேடையேறியது. அவர் 2025 ஜனவரியில் காலமானார். இந்தப் பெயர்களைச் சும்மா ஒப்புவிக்காமல், இரண்டு நாடகங்களையாவது வாசித்துவிட்டுப் போகவேண்டும்.

நான் சொன்ன பிள்ளைக்கு முதல் சபை அவளுடைய தாய்தான். தையல் மெசினை நிற்பாட்டிவிட்டு ஒவ்வொரு பின்னேரமும் பத்து நிமிடம் பார்க்கச் சொன்னேன். முதல் வாரம் தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம், "அந்த இடத்திலை நீ அவசரப்படுறாய் பிள்ளை" என்று திருத்தத் தொடங்கிவிட்டார்.

தேர்வு வெளியூரில் என்றால் முதல்நாளே போய்ச் சேருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கு இரவிரவாகப் பஸ்ஸில் போய் இறங்கி, அதே காலையில் நடிக்கப் போனால் குரல் எழும்பாது. உறவினர் வீடு இல்லையென்றால், தேர்வுக்குப் போகும் இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பெரியவர் கூட்டிக்கொண்டு போனால் செலவும் குறையும், பயமும் குறையும். குனிந்து நிமிர வசதியான உடுப்பு, இழுத்துக் கட்டிய தலைமயிர், ஒப்பனை இல்லாத முகம் போதும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுத் தாள், நாடகப் போட்டிச் சான்றிதழ்கள் எல்லாவற்றின் மூலப்பிரதியும் நிழற்பிரதியும் ஒரே உறையில் இருக்கட்டும்.

படித்து முடிந்தபின்?

பட்டம் கிடைத்த மறுநாள் உத்தியோகம் என்று நான் சொல்லமாட்டேன். 2017 இல் வடக்கில் பட்டதாரிப் பிள்ளைகள் வேலை கேட்டு மாதக்கணக்கில் வீதியோரம் இருந்ததை நாங்கள் கண்டோம். அதில் எல்லாப் பாடம் படித்தவர்களும் இருந்தார்கள். நாடகம் படித்த பிள்ளைக்குப் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் வேலை இருக்கிறது. வானொலி, தொலைக்காட்சி, போரால் மனம் நொந்தவர்களோடு அரங்க வழியாகச் செய்யும் வேலை, பிரதேச செயலகங்களின் கலாசாரப் பிரிவு என்று வேறு கதவுகளும் உண்டு.

மேலே படிக்கவும் வழியுண்டு. புதுடில்லியில் 1959 இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி மூன்று ஆண்டுப் படிப்பை நடத்துகிறது. அதற்கு ஒரு பட்டமும் நாடகங்களில் பங்குபற்றிய அனுபவமும் கேட்பார்கள். முதற்கட்டத் தேர்வில் தெரிவானவர்களைச் சில நாள் பட்டறையில் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலை படிக்கலாம். இலங்கை மாணவருக்கு இந்திய அரசு வழங்கும் புலமைப்பரிசில்கள் பற்றி யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் விசாரிக்கலாம்.

"மேடையேறின பிள்ளையை ஆர் கட்டுவினம்?" என்பதும் அந்தத் தாய் மெதுவாகக் கேட்ட கேள்விதான். வி. வி. வைரமுத்து காலத்து இசைநாடகங்களில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பெண் மேடையேறினால் ஊர் பழிக்கும் என்ற பயம் அப்போது இருந்தது. இன்று எங்கள் பாடசாலைகளில் நாடகம் கற்பிக்கும் ஆசிரியைகள் எத்தனை பேர்! அவர்கள் குடும்பமும் பிள்ளைகளுமாக மதிப்போடு வாழ்கிறார்கள்.

அந்தப் பிள்ளை முதல்முறை செயன்முறைத் தேர்வில் சித்தியடைந்தாள். இசட் புள்ளி சற்றுக் குறைந்தது. அந்த இடைவெளியில் ஒரு சம்பந்தமும் பேசி வந்தது. "அவள் படிக்கட்டும்" என்று தாயே சொல்லி அனுப்பிவிட்டார். மறுமுறை எழுதி இடம் எடுத்தாள். இப்போது மூன்றாம் வருடம்.

உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதை மறவாதீர்கள். சாதாரணதரம் முடித்த மகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவள் உயர்தரத்தில் என்ன பாடங்கள் எடுக்கிறாள் என்பதை இந்த மாதமே பாடசாலையில் போய்க் கேளுங்கள். உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் மகளென்றால் கைந்நூல் ஒன்றைத் தேடி எடுத்து, நாடகம் உள்ள பக்கங்களை அவளோடு சேர்ந்திருந்து வாசியுங்கள்.