பொறுமை இல்லாத பிள்ளைகளா?

"இந்தக் காலத்து நர்சிங் பிள்ளைகளுக்குப் பொறுமையே கிடையாது. டிமென்ஷியா வந்த பெரியவர் என்றால் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். சேவை மனசு பிறவியிலேயே வர வேண்டும்." வார்டுகளில் மூத்தவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது. மாணவர்கள் தயங்குவது உண்மைதான். அதற்கு அவர்களுடைய குணத்தைக் காரணம் சொல்வது அநியாயம்.

அப்படித் தயங்கும் ஒரு மாணவி எதைச் சந்திக்கிறாள் என்று பாருங்கள். டிமென்ஷியா உள்ள ஒரு பாட்டியைத் துடைத்துவிடச் சொல்லி, தண்ணீரும் துணியும் கொடுத்து அனுப்புகிறார்கள். போர்வையை விலக்கி, ரவிக்கை ஊக்கில் கை வைத்ததும், "யாருடி நீ? என் துணிய ஏன் அவுக்கிற?" என்று பாட்டி கத்துகிறார்; கையைக் கிள்ளுகிறார். முன்பின் தெரியாத ஒருத்தி ஆடையில் கை வைத்தால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். இதை எடுத்துச் சொல்ல அருகில் ஆள் இல்லாததால், 'முரட்டு நோயாளி' என்ற எண்ணத்தோடு அவள் திரும்புகிறாள்.

அந்த முரட்டுத்தனத்தில் பெரும்பகுதி நோயால் வருவதல்ல, நாம் குளிப்பாட்டும் விதத்தால் வருவது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் ஃபிலிப் ஸ்லோன் குழு நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. உடலைப் போர்த்தியபடியே, அலசத் தேவையில்லாத சோப்பில் நனைத்த வெதுவெதுப்பான துண்டால் படுக்கையிலேயே துடைத்தபோது, தாக்கும் சம்பவங்கள் 60 சதவீதம் குறைந்தன. ஷவரிலேயே அவரவர் விருப்பமறிந்து குளிப்பாட்டியபோதும் 53 சதவீதம் குறைந்தன. பணியாளர்களுக்கு இதற்கெனப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

பிறவிக் குணம் என்ற வாதத்துக்கு இங்கிலாந்தில் பதில் இருக்கிறது. பிரைட்டன் சசெக்ஸ் மருத்துவக் கல்லூரியும் சர்ரே பல்கலைக்கழகமும் 2014-ல் 'டைம் ஃபார் டிமென்ஷியா' என்ற திட்டத்தைத் தொடங்கின. நர்சிங், மருத்துவ மாணவர்கள் இருவர் இருவராக, டிமென்ஷியா உள்ள ஒருவரின் வீட்டுக்கு இரண்டு ஆண்டுகள் அவ்வப்போது போய்வர வேண்டும். சிகிச்சை எதுவும் கிடையாது. உட்கார்ந்து அவரோடும் குடும்பத்தோடும் பேச வேண்டும், அவ்வளவுதான். இதில் சேராத மாணவர்களோடு ஒப்பிட்டபோது, டிமென்ஷியா குறித்துச் சேர்ந்தவர்களின் மனப்பான்மை கூடுதலாக மேம்பட்டிருந்தது. பிறவியிலேயே வருவதாக இருந்தால் இது எப்படி மாறும்?

"அவருக்குத்தான் ஒன்றும் புரியாதே, அன்பாக இருந்தால் போதாதா?" என்பவர்களும் உண்டு. போதாது. வலியைச் சொல்ல முடியாதவருக்கு வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வித்தை. அதற்காக 2003-ல் வந்த 'பெயினாட்' அளவுகோல் மூச்சு, முனகல், முகம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்கிறது. இதைப் பழகாத கண்ணுக்கு, வலியில் கத்துபவர் 'தொந்தரவு செய்பவர்' ஆகிவிடுவார். ஊசி போட்டுத் தூங்க வைப்பார்கள். வலி அப்படியே இருக்கும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பி.எஸ்சி. நர்சிங்கில் இது மனநலப் பாடத்தில் வருகிறது. அந்தப் பாட்டியோ இடுப்பெலும்பு முறிந்து எலும்பு வார்டில் படுத்திருக்கிறார், அல்லது சர்க்கரைப் புண்ணோடு அறுவை சிகிச்சை வார்டில் இருக்கிறார். அந்தக் கட்டிலருகே மாணவியோடு ஓர் ஆசிரியரை நிறுத்துங்கள். அவளுடைய பொறுமையை அதற்குப் பிறகு எடைபோடலாம்.