'வாங்க்கி' கேரட் வாங்கியதுண்டா?

லண்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட். மகன் வீட்டுக்குப் போயிருக்கும் அம்மா, காய்கறிப் பக்கம் நின்று கேரட் பை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பக்கத்துப் பையைவிட விலை குறைவு. உள்ளே ஒரு கேரட் இரண்டு கால் விட்டிருக்கிறது, இன்னொன்று கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. பையின்மேல் பெரிதாக ஓர் ஆங்கிலச் சொல்.

“என்னடா போட்டிருக்கான்... வாங்கியா?”

“வாங்கி இல்லம்மா, வாங்க்கி. கோணல்மாணலா இருக்குன்னு அர்த்தம்.”

“எப்படி இருந்தா என்ன, நறுக்கித்தானே சாம்பார்ல போடப் போறோம்! ரெண்டு பை எடு.”

டபிள்யூ, ஓ, என், கே, ஒய். இந்த ஐந்தெழுத்துச் சொல்லை உச்சரிக்கும்போது நடுவில் உள்ள 'க்'கை அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நம் காதில் 'கடையில் வாங்கி' என்றுதான் விழும். லேசான கோணல், லேசான ஆட்டம், இருக்க வேண்டியபடி இல்லாத ஒரு சின்ன பிசகு, இவ்வளவுக்கும் பிரிட்டிஷ்காரர்கள் பேச்சில் பயன்படுத்தும் ஒரே சொல் இது. முதல் உலகப் போர் முடிந்த காலத்தையொட்டித்தான் அச்சில் தலைகாட்டியது. எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'தள்ளாடுகிற' என்ற பொருளில் 'வான்கோல்' என்றொரு சொல் இருந்தது, அதன் வாரிசாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து.

ஹோட்டலில் மேஜையின் ஒரு கால் தரையில் படியாமல் காபி தளும்புகிறதா? 'திஸ் டேபிள் இஸ் எ பிட் வாங்க்கி.' சுவரில் மாட்டிய படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் வாங்க்கிதான். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய லேப்டாப் இன்று மக்கர் செய்தால், 'மை லேப்டாப் ஹாஸ் கான் வாங்க்கி.' ஒரே ஒரு நிபந்தனை. பொருள் அடியோடு கெட்டுப்போயிருக்கக் கூடாது. புளித்த பாலை யாரும் வாங்க்கி என்பதில்லை, அது 'ஆஃப்'.

இதன் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஒரு சொல்லிடம் மட்டும் ஜாக்கிரதை. அது 'டாட்ஜி'. அதற்கும் 'ஏதோ சரியில்லை' என்றுதான் பலர் பொருள் சொல்வார்கள். அங்கேதான் வம்பு. அலுவலகத்தில் சக ஊழியர் தயாரித்த கணக்கைப் பார்த்து 'தீஸ் ஃபிகர்ஸ் லுக் எ பிட் வாங்க்கி' என்றால், “கணக்கு எங்கேயோ உதைக்குதே” என்று அர்த்தம். அவரும் சிரித்துக்கொண்டே சரிபார்ப்பார். அதே இடத்தில் 'டாட்ஜி' என்று சொல்லிப் பாருங்கள். “இதில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கு” என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். முதல் சொல்லில் பொருள்மீது குறை. இரண்டாவதில் பெரும்பாலும் ஆள்மீதும் சந்தேகம் விழுந்துவிடுகிறது. தமிழில் நாம் “அந்த ஆள் ஒரு மாதிரி” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோமே, அது டாட்ஜியின் உறவு. வாங்க்கிக்கு நெருங்கிய உறவு, அந்த மகன் சொன்ன 'கோணல்மாணல்'தான். 'இஃபி' என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. 'இஃப்' என்பதிலிருந்து வந்ததால் அதில் சந்தேகம் மட்டுமே. மழை வருமா வராதா என்ற நிலையில் இருக்கும் வானம் இஃபி.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போதும் கவனம் வேண்டும். என் முழங்கால் வாங்க்கி என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளலாம். அடுத்தவர் பல்லைப் பார்த்து அப்படிச் சொன்னால் சொல்லின் செல்லமெல்லாம் காணாமல் போய்விடும்.

அந்தச் செல்லம்தான் கேரட்டை விற்றது. ஐரோப்பியச் சந்தையில் ஒரு காலத்தில் வெள்ளரிக்காயின் வளைவுக்குக்கூடச் சட்டம் இருந்தது. 1988இல் போட்ட விதி அது. முதல்தரக் காய் என்றால் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் வளையக் கூடாது! கேலி தாங்காமல் 2009 ஜூலையில் கேரட், வெள்ளரி உட்பட 26 வகைக் காய், பழங்களுக்கு இந்த வடிவ விதிகளை நீக்கினார்கள். சட்டம் போனாலும் கடைக்காரர்களின் கண் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. மண்ணுக்குள் ஒரு கல் குறுக்கிட்டால் கேரட் இரண்டாகப் பிரிந்து வளரும். ருசியில் வித்தியாசம் இல்லை. விவசாயி ஊற்றிய தண்ணீர், போட்ட உரம், கொடுத்த கூலி எல்லாம் ஒன்றே. ஆனாலும் அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும், அல்லது வயலிலேயே உழப்படும்.

2016இல் ஆஸ்டா என்ற பிரிட்டிஷ் சூப்பர் மார்க்கெட், இப்படிப்பட்ட காய்களைப் பெட்டியில் போட்டு மூன்றரை பவுண்டுக்கு விற்கத் தொடங்கியது. பெட்டியின் பெயர் 'வாங்க்கி வெஜ்'. மற்ற கடைகளும் இந்த வழிக்கு வந்தன. 'இரண்டாம் தரம்' என்று எழுதியிருந்தால் கூடையில் எடுத்துப் போடக் கை கூசும். வாங்க்கி என்றதும் கோணல் கேரட் வீட்டுக் குறும்புப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் 'க்ரூக்கட் ஹவுஸ்' என்று ஒரு மதுக்கடை இருந்தது. 1765இல் கட்டிய பண்ணை வீடு. அடியில் நிலக்கரி தோண்டியதால் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட நாலு அடி இறங்கிவிட்டது. உள்ளே மேஜையில் கோலி வைத்தால் மேட்டை நோக்கி உருளுவது போலத் தெரியும். பிரிட்டனின் மிக வாங்க்கியான மதுக்கடை என்று பத்திரிகைகள் கொண்டாடின. 2023 ஆகஸ்டில் அது தீப்பிடித்தது, இரண்டே நாளில் இடித்தும் தள்ளிவிட்டார்கள். ஊர் ஜனம் கொதித்துப்போனது. தீக்கு முன் இருந்தபடியே மறுபடி கட்டித் தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உள்ளூர் கவுன்சில் உரிமையாளர்களுக்கு உத்தரவு போட்டது. இருந்தபடியே என்றால் கோணலாகத்தான். தூக்குக்குண்டு பிடித்துப் பழகிய எந்தக் கொத்தனாருக்கும் இப்படி ஒரு வேலை வந்திருக்காது.

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஒரு விஷயத்தின் நுணுக்கங்களில் மூழ்கிக் கிடப்பவரை 'வாங்க்' என்பார்கள். அரசுக் கொள்கைகளைக் கரைத்துக் குடித்தவர் 'பாலிசி வாங்க்'. ஆகவே வாஷிங்டனில் உங்கள் கட்டுரையை ஒருவர் வாங்க்கி என்றால் பதற வேண்டாம். புள்ளிவிவரம் கொஞ்சம் தூக்கல் என்கிறார், அவ்வளவுதான்.