செக்கு தெரியும், புத்தகம்?

பேச்சுப் போட்டி என்றாலே நம்ம ஸ்கூலில் வ.உ.சி. வந்துவிடுவார். "செக்கிழுத்த செம்மல்!" என்று குரலை உயர்த்தி முடித்தால் கைதட்டல் நிச்சயம். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு நண்பர்களே. செக்கைச் சொல்லாதவர் இல்லை. சிறையில் அவர் எழுதிய புத்தகத்தைச் சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

1908 ஜூலையில் அவருக்கு விதித்த தண்டனை இரட்டை ஆயுள், அதாவது 40 வருஷம்! மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கோவைச் சிறையில் மாடு இழுக்கிற செக்கை இழுத்தார். அப்புறம் கண்ணனூர்ச் சிறை (இப்போ கேரளாவில் இருக்கிற கண்ணூர்தான்). அங்கேதான் 'மெய்யறம்' பிறந்தது. கூட இருந்த கைதிகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்கப்போய் உருவான நூல் அது. திருக்குறள் மாதிரியே அதிகாரம் அதிகாரமாக, ஆனால் ஒவ்வொன்றும் ஒற்றை வரி. மொத்தம் 125 அதிகாரம். 1914-இல் அச்சானது. முதல் பகுதிக்கு என்ன பெயர் தெரியுமா? மாணவரியல். நமக்குத்தான்!

"ஜெயில்ல வேற என்ன வேலை? நேரம் கிடைச்சது, எழுதினாங்க" என்று என் பெஞ்சு நண்பன் சொல்கிறான். நேரு விஷயத்தில் வேண்டுமானால் கொஞ்சம் ஒத்துக்கொள்ளலாம். அகமதுநகர் கோட்டையில் அவரோடு ஆசாத் போன்ற பெரிய படிப்பாளிகள் இருந்தார்கள். 1944-இல் ஐந்தே மாதத்தில் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' எழுதினார். ஆனால் கடுங்காவல் கைதிக்கு ஏது நேரம்? கென்யாவின் கூகி வா தியாங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்து மக்களை வைத்துத் தாய்மொழியில் நாடகம் போட்டதற்காக 1977 கடைசியில் பிடித்துப் போட்டார்கள். விசாரணையே கிடையாது. அவர் அதே கிகுயு மொழியில் ஒரு முழு நாவலைக் கழிப்பறைக் காகிதத்தில் எழுதினார். அதற்கு முன்னால் வந்த அவருடைய நாவல்கள் எல்லாம் ஆங்கிலம். இது நேரம் போகாமல் எழுதினதா? எதற்காகப் பிடித்தார்களோ அதையே உள்ளே உட்கார்ந்து செய்தார்!

வ.உ.சி.யும் அப்படித்தான் என்பது என் கட்சி. செக்கு, வெள்ளைக்காரன் அவருக்குச் செய்தது. மெய்யறம், அவர் செய்தது. முதலாவதை மட்டும் மனப்பாடம் பண்ணினால் நமக்கு அவர் மேல் பரிதாபம்தான் வரும். பாவம், அவ்வளவு பெரிய வக்கீல் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவோம்.

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்று எல்லோருக்கும் தெரியும். வ.உ.சி. பிறந்ததும் அதே நாள்தான் (1872). கைதிகளுக்குப் பாடம் சொன்னவருக்குப் பொருத்தமான நாள்தான் இல்லையா? தமிழ் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் அன்றைக்குக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பேச்சைக் குறைத்துவிட்டு, மாணவரியலில் ஒரே ஒரு அதிகாரம் படிக்க விடுங்கள் ஐயா. பத்தே வரிதான், இரண்டு நிமிஷம்கூட ஆகாது. படிக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் ரெடி.

- பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு