வரலாறு படித்தால் என்ன கிடைக்கும்?

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் தம் மகனுடன் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், இவனுக்குக் கல்லூரியில் பி.ஏ. வரலாறுதான் கிடைத்திருக்கின்றது. மூன்றாண்டு பழங்கதை படித்து இவன் என்ன செய்யப் போகின்றான்? கடையிலேயே உட்கார வைத்துவிடலாமென்று பார்க்கிறேன்" என்றார். பையன் தலைகுனிந்து நின்றான். அவனுடைய விருப்பத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அன்பு வாசகர்களே! இக்கேள்வி உங்கள் இல்லங்களிலும் எழுந்திருக்கும். மருத்துவமும் பொறியியலும் கிட்டாதவர்கள் ஒதுங்கும் இடமாகவே வரலாற்றை நாம் கருதி வருகின்றோம். பூமியில் பயணம் செய்து, முன் சென்ற சமுதாயங்களின் முடிவு எவ்வாறாயிற்று என்பதைக் காணுமாறு திருமறை பன்முறை நம்மைப் பணிக்கின்றது. அம்மறையை ஓதுகின்ற சமுதாயம் வரலாற்றைப் பழங்கதையென்று தள்ளுவது எங்ஙனம் பொருந்தும்?

பழங்கதை வேறு, வரலாறு வேறு. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரித்து அறியுமாறு அல்-ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகின்றது. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒவ்வோர் அறிவிப்பாளரையும், எப்போது வாழ்ந்தார், எவரிடம் கேட்டார், நினைவாற்றல் உடையவரா என்றெல்லாம் துருவி ஆராய்ந்தனர். தூனிஸ் நகரில் 1332-இல் பிறந்த இப்னு கல்தூன், சொன்னவரை மட்டுமன்றிச் சொல்லப்பட்ட செய்தியையும் நிறுத்துப் பார்க்க வேண்டுமென்றார். மூஸா நபி (அலை) அவர்களுடன் ஆயுதமேந்தத் தக்கவர்கள் ஆறு இலட்சத்துக்கும் மேலிருந்தனர் என அல்-மஸ்ஊதீ முதலியோர் எழுதியிருந்தனர். அத்துணை பெரும்படை அணிவகுத்து நிற்க இடமேது, ஒரு முனையில் நிற்பவன் மறுமுனையில் நடப்பதை அறிவதெங்ஙனம், சில தலைமுறைகளில் ஒரு குடும்பம் அவ்வளவு பெருகுமா என்று அவர் வினவினார். பெரியோர் எழுதிவிட்டனர் என்பதற்காக அவர் வாய்மூடி இருக்கவில்லை. அவரே 1384-இல் கெய்ரோவில் மாலிகி மத்ஹபின் காஜியாக அமர்ந்தவர். மார்க்கக் கல்விக்கும் வரலாற்றுக்கும் தொடர்பில்லை என்பார் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

நம் சுல்தான்கள் அனைவரும் நல்லவர்களே என்று மேடையில் முழங்குவதற்காக ஒருவன் வரலாறு படிக்க வேண்டியதில்லை. மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன், இப்னு பதூதாவுக்குச் சகலை முறையினர். ஆயினும் அச்சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை இப்னு பதூதா மறைக்காமல் எழுதிக் கண்டித்தார். உறவென்றும் பாராது உண்மை உரைக்கும் இந்நேர்மை வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று.

இனி வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். தந்தையின் கவலையை நான் எள்ளவில்லை. இப்பட்டம் ஒன்றை மட்டும் கையில் வைத்திருப்பவனைத் தேடி வேலை வாசலுக்கு வராது; இதனை மறைப்பதில் பயனில்லை. பி.எட். சேர்ந்தால் ஆசிரியப் பணிக்குச் செல்லலாம். மூன்றாண்டுச் சட்டப் படிப்புச் சேர்ந்தால் வழக்குரைஞராகலாம். இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் பொது அறிவுத் தாளிலும் வரலாறு உண்டு. விருப்பப் பாடமாகவும் அதனை எடுக்கலாம். நம் பெண்மக்களுக்கும் இவை திறந்த வாயில்களே.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு மற்றொரு வழியும் இருக்கின்றது. அரபு, பாரசீகக் கல்வெட்டுகளை ஆராய்வதற்கென்றே இந்தியத் தொல்லியல் துறையின் பிரிவொன்று நாக்பூரில் இயங்குகின்றது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபு, பாரசீகச் சுவடிகள் இருக்கின்றன. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் (849) சாட்சிகள் சிலர் கூஃபி எழுத்தில் கையொப்பமிட்டுள்ளனர். இத்தகையவற்றைப் படிக்க மொழியறிவும் வேண்டும், வரலாற்றுப் பயிற்சியும் வேண்டும். நம்மில் அரபு கற்றவர் பெரும்பாலும் வரலாற்றின் பக்கம் செல்வதில்லை. வரலாறு கற்றவர் அரபின் பக்கம் வருவதில்லை.

இதன் இழப்பை நான் நேரில் கண்டேன். எங்கள் பள்ளிவாசலின் வக்ஃபு நிலத்துக்கு எல்லைத் தகராறு எழுந்தபோது, வழக்குரைஞர் மூல ஆவணத்தைக் கேட்டார். மேல்மாடியில் கிடந்த இரும்புப் பெட்டியைத் திறந்தோம். பாதி செல்லரித்துவிட்டது. எஞ்சியவற்றில் அரபுத்தமிழில் இருந்தவற்றை நான் படித்தேன். பாரசீகத்தில் இருந்த ஒன்றில், எழுத்துகள் தெரிந்தனவே தவிர, நில அளவும் முத்திரையும் ஆண்டும் எனக்கு விளங்கவில்லை. ஏழாண்டு ஓதிப் பட்டம் பெற்றவன் நான். வெட்கத்துடனேயே இதனை எழுதுகின்றேன். உரிய காலத்தில் படித்துச் சொல்வார் எவரும் கிடைக்கவில்லை. இறுதியில் சமாதானம் பேசி, தெருவோரமிருந்த பகுதியை விட்டுக்கொடுத்தோம்.

அன்று அந்தத் தந்தையிடம் இதனைத்தான் சொன்னேன். பையன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். முதல் விடுமுறையில், மையவாடியிலுள்ள பழைய மீஸான் கற்களின் எழுத்துகளைப் படியெடுத்துத் தருமாறு கேட்டேன். பதினொரு கற்களை எழுதித் தந்திருக்கின்றான். இரண்டில் ஹிஜ்ரி ஆண்டு தெளிவாகத் தெரிகின்றது. தந்தைக்கு இன்னும் அரை மனந்தான்.