மெக்சிகோ நாட்டுச் சுட்ட இறைச்சி



இறைச்சி வாங்கப் போகும்போது நாம் எல்லாரும் மனத்திற்குள் ஒரு கணக்குப் போடுகிறோம். மிருதுவான துண்டு விலை அதிகம். மலிவான துண்டோ நார்நாராக இருக்கும். அந்த நார்த் துண்டையே விருந்தாக்கிக் காட்டியவர்கள் வட மெக்சிகோ மக்கள். அவர்களுடைய ‘கார்னே அசாடா’வை இம்முறை பார்ப்போம்.

‘கார்னே’ என்றால் இறைச்சி, ‘அசாடா’ என்றால் சுட்டது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அந்நாட்டிற்கு மாடுகளைக் கொண்டுவந்தார்கள். சொனோரா, நுவோ லியோன் போன்ற வறண்ட வட மாநிலங்களில் மாட்டுப் பண்ணைகள் பெருகின. எல்லைக்கு அப்பால் டெக்சஸ் பண்ணைகளில் உழைத்த மெக்சிகோ தொழிலாளர்களுக்கு, விலைபோகாது என்று ஒதுக்கிய வயிற்றுப்புறச் சதையைக் கூலியோடு சேர்த்துக் கொடுப்பதுண்டு. அதை மென்று தின்னும் வழியை அவர்கள் கண்டுகொண்டார்கள். இன்று அந்தச் சதைக்கு நல்ல விலை!

சொனோராவில் பலர் உப்பு மட்டுமே தடவிச் சுடுவார்கள். ஊறவைத்துச் சுடும் முறை இது:

அரை அங்குலத்திற்கு மேற்படாத தடிப்பில் 1 கிலோ இறைச்சி. எலுமிச்சை 3, ஆரஞ்சு 1 ஆகியவற்றின் சாறு, நசுக்கிய பூண்டு 5 பல், பச்சை மிளகாய் 2, சீரகத் தூளும் மிளகுத் தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, ஒரு பிடி நறுக்கிய கொத்தமல்லித் தழை. எல்லாவற்றையும் கலந்து இறைச்சியில் பிசறி, மூடிக் குளிர்ப்பெட்டியில் 2 மணி நேரம் வையுங்கள்.

இரவு முழுவதும் ஊறினால் இன்னும் மிருதுவாகும் என்று எண்ணாதீர்கள். புளிப்புச் சாறு மேற்புறத்தை மட்டுமே பதப்படுத்தும். நேரம் கூடினால் மேல்பகுதி மாவுபோல் குழைந்துவிடும்.

சாத்தே சுடும் கரி அடுப்பே போதும். கரி நன்றாகக் கனன்று வெண்சாம்பல் பூத்த பிறகு, இறைச்சியின் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். ஈரம் இருந்தால் ஆவியில் வேகுமே தவிர, மேலே சிவந்து மணக்காது. ஒரு பக்கத்திற்கு 3 நிமிடம். அடுப்பு இல்லாதவர்கள் புகையக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் சுடலாம். ஊறிய சாற்றை வெந்த இறைச்சியின் மேல் ஊற்றாதீர்கள். அது பச்சை இறைச்சி கிடந்த சாறு.

இறக்கியதும் 5 நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகுதான் முக்கியமான வேலை. இறைச்சியில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அதற்குக் குறுக்கே மெல்லியதாக அரியுங்கள். தேங்காய் நார்க் கயிற்றை நீளவாட்டில் இழுத்தால் அறாது. குறுக்கே துண்டு துண்டாக வெட்டினால் தானே உதிர்ந்துவிடும். பல் செய்ய வேண்டிய வேலையைக் கத்தி முன்பே செய்துவிடுகிறது. நாரோடு சேர்த்து அரிந்தால் இதுவரை பட்ட பாடு அத்தனையும் வீண்.

மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்கள் எலும்பு நீக்கிய கோழித் தொடையை இப்படியே ஊறவைக்கலாம். மெக்சிகோவிலும் கோழியை இவ்வாறு சுடுவார்கள். ஆனால், நிதானமான தணலில் உள்ளே இளஞ்சிவப்பு சிறிதும் இல்லாதபடி முழுதும் வேகவேண்டும்.

அங்கே கோதுமை ரொட்டியில் சுருட்டி உண்பார்கள். நம் வீட்டுச் சப்பாத்தி அதற்குப் பொருத்தமானது. வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து பக்கத்தில் வையுங்கள். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டம் நமக்குத் தந்தவை. ஆகவே இந்தச் சுவை நம் நாவிற்கு அந்நியமாகத் தோன்றாது.

வட மெக்சிகோவில் உறவினர் கூடும் விருந்திற்கே ‘கார்னே அசாடா’ என்றுதான் பெயர். ஆண்கள் தணலைப் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்படி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்களேன்!

அடுத்த இதழில் சந்திப்போம்.