கரும்பு வில்லும் இரண்டு துடுப்பும்

(மூன்றாமாண்டு, இளங்கலை ஆங்கில இலக்கியம்)

தெய்வம் மனிதனைப் படைத்ததா, மனிதன் தெய்வத்தைப் படைத்தானா என்னும் வழக்கு பட்டிமன்ற மேடைகளில் இன்னும் தீர்ப்பில்லாமல் கிடக்கிறது. அதில் தலையிடும் துணிவு எனக்கில்லை. ஆயினும் இம்மலரைப் படிப்போரிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு நான் ஒரு தெய்வத்தைப் படைத்தேன். எண்பது பக்க நோட்டில், நீல மையில், நூலகத்துக்குப் பின்னால் நிற்கும் புங்க மரத்தடியில். அதுவும் காதல் தெய்வம்! படைத்த மூன்றாம் நாளே அதைக் கிழித்தெறிய நேர்ந்தது. ஏன் கிழித்தேன், மீண்டும் எவ்வாறு படைத்தேன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

விளையாட்டும் விதியும்

பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டு என்று ஒன்று உண்டு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்ட ஆட்டமே இவ்வகைக்கு முன்னோடி. பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. சில பகடைகள், ஒரு நோட்டு, நிறையப் பேச்சு. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைப் புனைந்துகொண்டு, "என் பாத்திரம் இதைச் செய்கிறது" என்று சொல்லச் சொல்லக் கதை வளரும். 1980-இல் தெய்வங்களுக்கும் புராண வீரர்களுக்கும் வலிமைப் பட்டியல் போட்டு அந்த ஆட்டத்துக்கென்றே தனி நூலும் வந்தது. தெய்வத்துக்கே மதிப்பெண் போட்ட துணிச்சலைப் பாருங்கள்!

நாங்கள் எழுவர். பாத்திரங்களைப் படைப்பதற்கு முன் அவை வாழும் உலகையே சேர்ந்து படைப்பது என்று முடிவு செய்தோம். ஒரே ஆறு பல கிளையாகப் பிரிந்தோடும் நாடு. அதன் பெயர் ஏழ்கரை. ஆளுக்கொரு கரை, ஒரு குலம், ஒரு தெய்வம். ஒவ்வொரு தெய்வத்துக்கும் பத்து மதிப்பெண். ஆற்றல்களை அந்தப் பத்துக்குள் வாங்க வேண்டும்; ஒவ்வோர் ஆற்றலுக்கும் பக்கத்திலேயே ஓர் எல்லையும் எழுத வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி: பிறர் படைத்த பாத்திரத்தின் மனத்தை நீ எழுதக் கூடாது. அது என்ன நினைக்கிறது என்பதை அதைப் படைத்தவரே சொல்ல வேண்டும்.

கிழிந்து போன தெய்வம்

சீட்டுக் குலுக்கலில் எனக்குக் காதல் தெய்வம் வாய்த்தது. மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள், நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். தமிழ் வகுப்பில் கேட்ட மன்மதனின் கரும்பு வில்லையும், வண்டுகளால் ஆன நாணையும், ஐந்து மலர்க்கணைகளையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆங்கில வகுப்பின் வழியே அறிமுகமான ரோமானியக் கவிஞர் ஓவிட்டிடம் காதலை மூட்டும் பொன் அம்பையும் காதலைத் துரத்தும் ஈய அம்பையும் கடன் வாங்கினேன். அம்பு பட்டவர், தெய்வம் சுட்டுபவரைக் காதலித்தே தீர வேண்டும். பத்து மதிப்பெண்ணும் இதற்கே செலவாயிற்று. எல்லை? "அமாவாசையன்று அம்பு எய்ய இயலாது" என்று எழுதி வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள், என் படைத்தலைவன் நான்காம் கரையின் மருத்துவச்சியைக் கண்டு மயங்கினான். அவளோ மூலிகை பறிப்பதில் கவனமாக இருந்தாள். என் தெய்வம் வில்லை வளைத்தது. மருத்துவச்சி மூலிகைக் கூடையை நழுவவிட்டுப் படைத்தலைவனைப் பார்த்து உருகினாள் என்று நானே உரக்கப் படித்தேன். கைதட்டல் வரும் என்று காத்திருந்தேன்.

மருத்துவச்சியைப் படைத்த தோழி நோட்டை மூடினாள்.

"அவள் யாரைக் காதலிப்பாள் என்று சொல்ல நீ யார்?"

"நான் சொல்லவில்லையே, தெய்வம் அல்லவா சொல்கிறது!"

"அந்தத் தெய்வத்தை எழுதியது யார்?"

எனக்குப் பதில் வரவில்லை. சற்று நேரம் கழித்து அவளே பேசினாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருவன் ஓராண்டு முழுவதும் பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பின்தொடர்ந்தானாம். "இது கடவுள் போட்ட முடிச்சு, நீ மறுக்க முடியாது" என்பானாம். அவன் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. இவள்தான் பேருந்தை மாற்றிக்கொண்டாள். ஊரார் அவனை ஒன்றும் கேட்கவில்லை; "நீ என்ன செய்தாய்?" என்று இவளைத்தான் கேட்டார்கள்.

"உன் தெய்வமும் அவனும் ஒரே வசனத்தைத்தான் பேசுகிறார்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன். அன்று மாலை அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

அம்பு செய்த வேலை

கிழித்த பிறகுதான் பழங்கதைகளைப் பொறுமையாகப் படித்தேன். ஓவிட்டின் கதையில் பொன் அம்பும் ஈய அம்பும் எதற்காக எய்யப்பட்டன? அப்பல்லோ தன் வில்லாற்றலை மெச்சிக்கொண்டு கியூபிட்டின் வில்லை எள்ளினான். அந்தச் சினத்தில் கியூபிட் பொன் அம்பை அப்பல்லோ மீதும், ஈய அம்பை டாஃப்னி என்னும் பெண் மீதும் எய்தான். அவன் துரத்தினான்; அவள் ஓடினாள். ஓட முடியாத நிலையில் ஆற்றுத் தெய்வமான தந்தையை வேண்டி மரமாக மாறினாள். அப்போதும் அவன் விடவில்லை. அந்த மரத்தின் இலையைப் பறித்துத் தன் முடிக்கு மாலையாக்கிக்கொண்டான். இரண்டு ஆண் தெய்வங்களின் வீண் சண்டையில் ஒரு பெண் மரமானாள். இதைக் காதற்கதை என்றா சொல்வது?

நம் மன்மதன் கதையிலும் அம்பு தானாகப் புறப்படவில்லை. தேவர்கள் தங்கள் காரியத்துக்காக ஏவினார்கள், தவத்தில் இருந்த சிவன் மீது அவன் கணை தொடுத்தான், நெற்றிக்கண்ணால் எரிந்தான். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கையை அந்த நிகழ்ச்சி நடந்த தலமாகச் சொல்வர். ஏவியவர்கள் வானுலகில் இருந்தார்கள், எரிந்தவன் ஏவப்பட்டவன். பிறர் ஏவ, கேட்காத மனத்தின் மீது எய்யும் காதல் எய்தவனையே சுடும் என்பதே இதில் நான் கற்ற பாடம்.

ஆனால் நம் அகத்திணை மரபு என்னை வியப்பில் ஆழ்த்தியது. தொல்காப்பியர் முல்லைக்கு மாயோனையும், குறிஞ்சிக்குச் சேயோனையும், மருதத்துக்கு வேந்தனையும், நெய்தலுக்கு வருணனையும் தெய்வமாகச் சொல்கிறார். நிலத்துக்குத் தெய்வம் உண்டு. காதலுக்கென்று வில்லேந்திய தெய்வம் ஒன்றை அவர் அங்கே நிறுத்தவில்லை. ஒத்த இருவரை ஊழ் சேர்க்கிறது என்பதோடு அமைகிறார். ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காதலைப் பெருந்திணை என்றும் பெயரிட்டு, இரண்டையும் ஐந்திணைக்கு வெளியே இரு ஓரங்களில் வைத்தார். திரைப்படங்களில் கதாநாயகியைப் பின்தொடர்ந்து 'சம்மதம்' வாங்கும் நாயகர்களை நடுவில் வைத்துக் கொண்டாடிய நாம், யாரைப் பார்த்துக் கற்றோம்?

காமனுக்குக் கோட்டம் இருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பிரிந்த கணவன் திரும்பி வர, குளத்தில் நீராடிக் காமவேளைத் தொழலாம் என்று தேவந்தி கண்ணகிக்கு அறிவுரை சொல்கிறாள். கண்ணகி மறுக்கிறாள், அது பெருமை தருவதன்று என்கிறாள். தெய்வத்தைக் கொண்டு ஒரு மனத்தை இழுத்து வருவதை விடக் காத்திருப்பதே மேல் என்று அவள் எண்ணியதாகவே நான் கொள்கிறேன். சொல்லி முடித்த பின் கோவலன் வாயிலில் வந்து நிற்கிறான். அம்பு இழுத்து வரவில்லை. தன் கால்களால் வந்தான்.

நண்பனின் மறுப்பு

எங்கள் குழுவில் ஒரு நண்பன் இதை ஏற்கவில்லை. "காதல் சொல்லிக்கொண்டா வருகிறது? திடீரென்று தைக்கிறது. அதைத்தான் முன்னோர் அம்பு என்றார்கள். நீ சொல்லும் தெய்வம் விண்ணப்பப் படிவம் வாங்கும் எழுத்தர் போல இருக்கும். ஆண்டாளே மன்மதனைத் தொழவில்லையா?" என்றான்.

அவன் கூற்றில் உண்மை உண்டு. காதல் சொல்லாமல்தான் வருகிறது. ஆனால் என் நெஞ்சில் தைத்த அம்பு என் நெஞ்சின் செய்தி. அது அடுத்தவர் நெஞ்சுக்கு இட்ட கட்டளை ஆகாது. ஆண்டாள் மன்மதனிடம் யாருடைய விருப்பத்தைச் சொன்னாள்? தன் விருப்பத்தை. மானிடர்க்கு மணமுடிக்கும் பேச்சு எழுந்தால் வாழேன் என்று பிறர் விருப்பத்தை மறுக்கவும் செய்தாள். அப்பாடலில் நான் கேட்பது அம்பின் ஓசையை அன்று. தன் வாயால் 'வேண்டும்' என்றும் 'வேண்டாம்' என்றும் சொன்ன ஒரு பெண்ணின் குரலை.

மீண்டும் படைத்த தெய்வம்

ஆகவே, காதல் தெய்வத்தைப் படைப்போர் முதலில் எழுத வேண்டியது ஆற்றலை அன்று, எல்லையை. 'இத்தெய்வத்தால் எதைச் செய்ய முடியாது?' என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும். நான் எழுதிய முதல் வரி: "இவளால் எவரையும் காதலிக்க வைக்க முடியாது."

அவள் பெயர் பரிசல்காரி. நரை விழுந்த கிழவி. வில் இல்லை, சிறகு இல்லை. வட்டப் பரிசல் ஒன்றும், இரண்டு துடுப்பும் உண்டு. ஒகேனக்கலில் பரிசலைக் கண்டோர் அறிவர்: ஒரு பக்கமாகவே துடுப்பு வலித்தால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். கரை சேர வேண்டுமானால் இருவரும் வலிக்க வேண்டும்.

அவளுடைய ஆற்றல்கள் மூன்று. பரிசலில் இருக்கும்வரை எவரும் பொய் சொல்ல இயலாது. ஆனால் பேசாதிருக்க எவருக்கும் உரிமை உண்டு. 'வேண்டாம்' என்றவரை அவரவர் கரையில் பத்திரமாக இறக்கிவிடுவாள். மற்றவர் பின்தொடர்ந்தால் ஆறு வழிவிடாது. மூன்றாவது, பரிசலில் இருக்கும் இருவரைக் குலத்தின் பெயரால் எவரும் தாக்க முடியாது. ஆனால் கரையிறங்கிய பின் காக்கும் ஆற்றல் அவளுக்கு இல்லை.

மூன்றாம் எல்லையைப் படித்ததும் எல்லோரும் கூச்சலிட்டார்கள். "கரையில்தானே வெட்டுகிறார்கள்! அங்கே காக்காத தெய்வம் எதற்கு?" நான் சொன்னேன்: "கரை அவளுடையதன்று. கரை நம்முடையது."

மரத்தடி அமைதியானது. செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் அதன் பொருள் விளங்கும். 1967-இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம், உற்றார் நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே மணம் செல்லும் என்றது. இரண்டு துடுப்பு என்பது வேறு என்ன? வயது வந்த இருவர் மணம் புரியக் குடும்பமோ குலமோ ஒப்புதல் தர வேண்டியதில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் உரைத்தது. சட்டம் பரிசலைக் கொடுத்துவிட்டது. கரையில் நிற்கும் நாம்தான் கையில் என்ன வைத்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீதித் தெய்வத்தைப் படைத்த நண்பன் அன்றே தன் பக்கத்தைத் திறந்து ஒரு வரி சேர்த்தான்: கரையேறிய இருவரைத் தீண்டுவோருக்கு ஏழு கரையிலும் சோறும் நீரும் இல்லை. நான்கு நாள் வராதிருந்த தோழியும் நோட்டைக் கேட்டு வாங்கினாள். கரையேறும் இருவருக்கு முதல் இரவு அடைக்கலம் மருத்துவச்சியின் வீடு என்று எழுதினாள். என் ஒரு தெய்வத்தால் ஆகாதது எழுவரின் கையால் ஆயிற்று. கூடி உலகு படைப்பதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

மருத்துவச்சி யாரைக் காதலிக்கிறாள் என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரியாது. தோழி இன்னும் சொல்லவில்லை, சொல்லாமலும் போகலாம். என் படைத்தலைவன் ஒருநாள் தன் மனத்தை அவளிடம் சொன்னான். "வேண்டாம்" என்றாள். தன் கரையில் இறங்கி, தன் வேலையைப் பார்க்கப் போனான். அவனை நான் படைத்ததில் எனக்குப் பெருமை வந்தது அன்றுதான்.

தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகையின்போது, காமன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய லாவணி பாடும். என்னை அழைத்தால் மூன்றாம் கட்சி ஒன்று தொடங்குவேன். காமன் எரிய வேண்டாம். அவன் பாவம், ஏவப்பட்டவன். அந்த வில்லும் அம்பும் எரியட்டும். வெறுங்கையோடு எழுந்து வரட்டும். வந்தவன் கையில் ஒரு துடுப்பைக் கொடுப்போம், ஒன்றே ஒன்று. இன்னொன்று எவர் கையில் இருக்கிறதோ, அவரைக் கேட்கட்டும்.